இரண்டாவது பந்து

நாமக்கல்லில் போய், "என் ஸர்வீஸ் சரியில்லீங்க" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "வண்டி எந்த வருஷ மாடலுங்க?" என்று கேட்பார்கள். ஆறு சக்கரமா, பத்து சக்கரமா என்று விசாரிப்பார்கள். திருச்செங்கோடு ரோட்டில் நல்ல பட்டறை ஒன்றின் அடையாளமும் சொல்வார்கள். டென்னிஸ் ஸர்வீஸ் என்று விளக்கினால், ஒரு அனுதாபப் பார்வை பார்த்துவிட்டு முட்டை விலைக்குப் போய்விடுவார்கள்.

சேலம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இங்கே டென்னிஸ் பந்து என்றால் அது கிரிக்கெட் ஆடுவதற்கு. தப்பில்லை. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் யார்க்கர் போட்டுப் பழகிய சின்னப்பம்பட்டி நடராஜன், 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரே டூரில் ஒன்-டே, டி-20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அந்தப் பந்துக்கு எங்கள் ஜில்லாவில் அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

ஆனாலும் அதே பந்தை வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடித்துக்கொண்டிருக்கிற சிறுபான்மைக் கூட்டம் ஒன்றும் இந்தச் சமவெளியில் உண்டு. டாக்டர், ஆடிட்டர், போர்வெல் ரிக் ஓனர், கோழிப்பண்ணைக்காரர், எல்.ஐ.சி. ஆள் என்று கலந்துகட்டி, காலை ஐந்தே முக்காலுக்கு மண் கோர்ட்டில் ஆஜராகும். அதற்கு முன்பே தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். எட்டு மணிக்கு வெயில் வந்து "கிளம்புங்க, ஆபீஸ் இருக்கு" என்று எல்லோரையும் விரட்டிவிடும். இருக்கிற இரண்டு மணி நேரத்தில் ஆறு பேர் ஆட வேண்டும், நாலு பேர் அரசியல் பேச வேண்டும். ஸர்வீஸைத் தனியாகப் பழகிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் ஒவ்வொருவரும் கல்யாணமான புதிதில் எப்படி ஸர்வீஸ் போட்டாரோ அப்படியேதான் பையன் ப்ளஸ் டூ எழுதும்போதும் போட்டுக்கொண்டிருப்பார்.

இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். ஃபோர்ஹாண்ட், பேக்ஹாண்ட், வாலி எல்லாமே எதிராளி அனுப்பி வைக்கிற ஃபைலுக்கு நாம் எழுதுகிற பதில். ஸர்வீஸ் ஒன்றுதான் நாமே ஆரம்பிக்கிற ஃபைல். பந்து நம் கையில். நிற்கிற இடம் நம் இஷ்டம். ஓட வேண்டாம், குனிய வேண்டாம். சொல்லப்போனால் ஆட்டத்திலேயே சுலபமாக இருந்திருக்க வேண்டிய அடி. அதில் சொதப்பினால் பழி போட ஆள் கிடைக்காது என்பதுதான் அதிலுள்ள கஷ்டம்.

அப்படிப் பழி போட ஆளில்லாமல் தவித்த ஒருவர் எங்கள் கிளப்பில் உண்டு. பேங்க் ஆபீசர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வயது முப்பத்தெட்டு. சர்க்கரை 'பார்டர்ல நிக்குது' என்று டாக்டர் சொன்ன மறுநாள் ராக்கெட் வாங்கியவர். ஃபோர்ஹாண்ட் நன்றாக வந்துவிட்டது. ஓட்டம் பிரமாதம். சர்க்கரையும் பார்டரை விட்டுப் பின்வாங்கிவிட்டது. ஆனால் ஸர்வீஸ்?

முதல் பந்தை அண்ணாந்து பார்த்து மேலே போடுவார். அது ஏற்காட்டுக்குப் போகிற பஸ் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இறங்கி வருவதற்குள் இவர் இரண்டு அடி நகர்ந்து, முதுகை வளைத்து, பல்லைக் கடித்து ஓங்கி ஒரு அடி. பந்து நேராகப் போய்ப் பின்னால் இருக்கிற கம்பி வேலியில் மோதும். அந்தப் பக்கம் நிற்பவர் அசையவே மாட்டார். பிறகு இரண்டாவது பந்து. இப்போது ஆளே மாறிவிடுவார். தோள் குறுகிவிடும். பந்தைத் தட்டுகிற விதத்தைப் பார்த்தால் தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி இருக்கும். அதுவும் பாதி நேரம் வலையில்.

கேலி செய்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். "ஏனுங்க ஸார், பந்தை மேலே போடச் சொன்னா கொல்லிமலைக்கு ரோடு போடறீங்களே, எழுவது கொண்டை ஊசி வளைவு வருதுங்க!" என்று கோழிப்பண்ணைக்காரர் சொன்னபோது ஆபீசரும் கூடவேதான் சிரித்தார். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. டபுள்ஸுக்கு ஜோடி பிரிக்கும்போது அவரை யாரும் கூப்பிடுவதில்லை. மூன்று பேர் இருப்பார்கள், நாலாவது ஆளாக இவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். "கொஞ்சம் பாக்கலாம், இன்னும் ஒருத்தர் வந்துடுவார்" என்று மூன்று பேரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடிக் கணக்கில் லோன் சாங்ஷன் செய்கிற மனுஷர், பி.டி. பீரியடில் கடைசியாக மிஞ்சிப் போன பையன் மாதிரி இன்னொரு தடவை லேஸை அவிழ்த்துக் கட்டுவார். கூடவே வலது தோளில் வலி வேறு. "இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சும்மா சொன்னதாகத் தெரியவில்லை. கிளப் சந்தாவை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுகிற மனுஷர், அந்தத் தடவை ஒரு மாதத்துக்குத்தான் கட்டியிருந்தார்.

நான் பி.காம். வேறு என்ன செய்ய முடியும்? கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்து முதல் ஸர்வீஸில் நாலு உள்ளே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறுக்கு இரண்டாவது பந்து. அதில் பத்துக்கு ஆறுதான் தேறுகிறது. அப்படியானால் நூறு பாயிண்டில் அறுபது தடவை இரண்டாவது பந்து போட வேண்டும். அதில் இருபத்துநாலு டபுள் ஃபால்ட். ஒரு கேமுக்குக் குறைந்தது நாலு பாயிண்ட். ஆகக் கேமுக்கு ஒன்று, எதிராளிக்கு இலவசம். இதையே கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பத்துக்கு ஏழு முதல் பந்தும், பத்துக்கு ஒன்பது இரண்டாவது பந்தும் உள்ளே விழுந்தால்? நூற்றுக்கு மூன்றுதான் நஷ்டம். இருபத்துநாலு எங்கே, மூன்று எங்கே! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடுவார்.

"கணக்கெல்லாம் சரி ஸார். ஆனா மெதுவா போட்டா அடிச்சு நொறுக்கிடுவாங்களே?" என்றார்.

நியாயமான சந்தேகம். எல்லோருக்கும் இருக்கிற சந்தேகம். டி.வி.யில் நாம் பார்ப்பதெல்லாம் வேகத்தைத்தானே? ஜான் இஸ்னர் 2016-ல் டேவிஸ் கோப்பையில் மணிக்கு 253 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஸர்வீஸ் போட்டார். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அந்த வேகத்தில் போனால் கால் மணி நேரம் கூட ஆகாது. ஆனால் இஸ்னரின் உயரம் ஆறடி பத்து அங்குலம். நம் ஆபீசருக்கு ஐந்தரை. இங்கேதான் ஜியோமிதி குறுக்கே வருகிறது.

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. நாம் நிற்கிற கோட்டிலிருந்து வலை 39 அடி. வலைக்கு அப்பால் 21 அடிக்குள் பந்து விழ வேண்டும். நடுவில் வலையின் உயரம் 3 அடி. ஒரு நூலைக் கட்டி நேராக இழுத்துப் பாருங்கள். வலையை உரசியபடி போய் அந்தப் பெட்டியின் கடைசிக் கோட்டில் தொட வேண்டுமானால், நூலின் இந்த முனை தரையிலிருந்து எட்டரை அடிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். ஐந்தரை அடி ஆள் கையையும் ராக்கெட்டையும் முழுக்க நீட்டினால் ஏறக்குறைய அந்த உயரம்தான் வரும். அதாவது ஓங்கிக் கீழ்நோக்கி அடிக்க நமக்கு இடமே கிடையாது. அப்படி அடித்தால் வலை, இல்லாவிட்டால் வேலி. பந்தை மேல்நோக்கித்தான் அனுப்ப வேண்டும். இறக்கிக் கொடுக்கும் வேலையைப் பூமியின் ஈர்ப்பும் பந்தின் சுழலும் பார்த்துக்கொள்ளும். இதை நம்பாமல் கீழே அடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் எல்லாக் கிளப்பிலும் முக்கால்வாசிப் பேர்.

வேகம் இல்லாமல் பிழைக்க முடியுமா என்பதற்கு வெளியே போய் சாட்சி தேட வேண்டாம். ரமேஷ் கிருஷ்ணன் இருக்கிறார். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் செமி ஃபைனல் வரை போனவர். அவருடைய பலமும் ஸர்வீஸ் அல்ல. பிள்ளைக்கும் அதே சொத்துதான் வந்தது. வலையோரம் மணிக்கட்டால் பந்தைக் கொஞ்சுகிற ஆட்டம். ஸர்வீஸ் மட்டும் மென்மை. "ரமேஷ் ஸர்வீஸைக் கையில பிடிச்சு, ஆட்டோகிராஃப் வாங்கிட்டு, திருப்பி அடிக்கலாம் ஸார்" என்பார் எங்கள் கிளப் மார்க்கர். அந்த ஸர்வீஸை வைத்துக்கொண்டுதான் 1985-ல் உலக ராங்க்கில் 23 வரை ஏறினார். அமெரிக்கன் ஓப்பனில் இரண்டு தடவை, 1986 விம்பிள்டனில் ஒரு தடவை காலிறுதி. 1987-ல் சிட்னியில், புல் தரையில், ஆஸ்திரேலியர்களை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தி டேவிஸ் கோப்பை ஃபைனலுக்கு இந்தியாவைக் கொண்டுபோனார். 1989 ஆஸ்திரேலியன் ஓப்பன் இரண்டாவது சுற்றில், அப்போது உலகத்தின் நம்பர் ஒன்னாகவும் நடப்புச் சாம்பியனாகவும் இருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் அனுப்பிவைத்தார்.

உடனே வேகம் தேவையில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். 86 விம்பிள்டன் காலிறுதியில் ரமேஷைத் தோற்கடித்தவர் ஜிவோஜினோவிச். பீரங்கி மாதிரி ஸர்வீஸ் போடுகிற யுகோஸ்லாவியர். பீரங்கி இருப்பவர்கள் தாராளமாகச் சுடட்டும். இல்லாதவர்களுக்கும் வழி உண்டு என்பதுதான் நான் சொல்ல வந்தது. எதிராளியின் பேக்ஹாண்டில் விழுகிற மெதுவான பந்து, வேலியில் மோதுகிற வேகமான பந்தைவிட நூறு மடங்கு மேல்.

மார்க்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டியவர். சாணி மெழுகிய கோர்ட்டில் பந்து பொறுக்கிப் போட்டு, பெரிய மனுஷர்களோடு ஆடி ஆடியே ஆட்டம் கற்றவர். புத்தகம் படித்ததில்லை. அவரிடம் ஆபீசரை இழுத்துக்கொண்டு போனேன். "ஸார் மத்தியானம் வெயில் தாழ வாங்க. யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு மாசம் முதல் ஸர்வீஸைத் தொடவே கூடாது. இரண்டாவது பந்து மட்டும்தான்" என்றார். ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் பந்து இல்லாமல் இரண்டாவது பந்து எப்படி?

முதல் நாள் ராக்கெட்டையே வாங்கி வைத்துவிட்டார். "சின்ன வயசுல மாங்கா அடிச்சிருக்கீங்களா ஸார்?"

சேலம் ஜில்லாக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "அடிக்காம?" என்றார் ஆபீசர். பேங்கில் சேர்ந்த பிறகு முகத்தில் வராத ஒரு வெளிச்சம்.

"அதோ அந்த வேப்பமரக் கிளைக்கு இந்தப் பந்தை விடுங்க."

விட்டார். பக்கவாட்டில் திரும்பி நின்று, முழங்கையை உயர்த்தி, இடுப்பைச் சுழற்றி, கண் கிளையில். பந்து போய் இலையை உதிர்த்தது. "இதான் ஸார் ஸர்வீஸ். கையில ராக்கெட் வந்ததும் எல்லாரும் இதை மறந்துடறாங்க" என்றார் மார்க்கர். ஸர்வீஸ் என்பது எறிதல். அதுவும் மேல்நோக்கி எறிதல். உலகத்தின் பெரிய பெரிய கோச்சுகள் சொல்வதும் இதையேதான். மாங்காய் என்று சொல்வதில்லை, அவ்வளவே.

அடுத்தது பிடி. ஆபீசர் பிடித்திருந்தது தோசைத் திருப்பி பிடிக்கிற பிடி. உள்ளங்கை ராக்கெட்டின் முகத்தோடு ஒரே பக்கம் பார்க்கும். அப்படிப் பிடித்தால் ராக்கெட் பின்னால் போகும்போது வலைப்பக்கம் வானத்தைப் பார்த்து மல்லாந்துவிடும், ஹோட்டல் சப்ளையர் தட்டு ஏந்தி வருகிற மாதிரி. அங்கிருந்து பந்தைத் தள்ளத்தான் முடியும், வீச முடியாது. தள்ளுகிற வேலை முழுவதும் தோளில் விழும். அவருடைய தோள்வலிக்கு அதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மார்க்கர் கொடுத்தது அரிவாள் பிடி. கான்டினென்டல் கிரிப் என்று இதற்குப் பெயர். ராக்கெட்டின் ஓரத்தால் எதையோ வெட்டப் போகிற மாதிரி பிடிக்க வேண்டும். ஓரம் முன்னால் வர மேலே வீசி, பந்துக்கு மிக அருகில் வரும்போது முன்கை தானாகத் திரும்பி முகம் பந்தைச் சந்திக்கும். அடித்த பிறகும் கை அதே திசையில் திரும்பி உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கும். எழுதும்போது கழைக்கூத்து மாதிரி இருக்கிறது. செய்யும்போது முதல் இரண்டு வாரம் நிஜமாகவே கழைக்கூத்துதான். வலது பக்கம் நிற்க வேண்டிய பந்துகள் இடது பக்கக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளிடம் போய் நின்றன. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பிடியில் எவ்வளவு பழகினாலும் ஓரளவுக்கு மேல் முன்னேற முடியாது. நடுவில் பயந்துபோய்த் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது விஷயம் பந்தை மேலே போடுவது. இதற்குத்தான் மார்க்கர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சரியாகவே செய்தார். ஸர்வீஸில் பாதி நோய் இடது கையில்தான் இருக்கிறது. பந்தை உள்ளங்கையில் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல் நுனிகளில், டீ கிளாஸ் பிடிக்கிற பதமாகப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை உதறக் கூடாது, முழங்கையை மடக்கக் கூடாது. கை முழுசாகத் தோளிலிருந்து எழும்பி, கண் உயரம் வந்ததும் விரல்கள் திறக்க வேண்டும். பந்து சுழலாமல் லிஃப்டில் போகிற மாதிரி போக வேண்டும்.

எவ்வளவு உயரம்? கையும் ராக்கெட்டும் நீட்டினால் எட்டுகிற இடத்துக்கு ஒரு அடி மேலே போனால் போதும். அதற்கு மேலே அனுப்புவதெல்லாம் வெட்டிச் செலவு. காரணம் உண்டு. ஒரு அடி உயரத்திலிருந்து விழுகிற பந்தைவிட நாலு அடியிலிருந்து விழுகிற பந்து, அடிக்க வேண்டிய இடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் கடந்துபோகும். கொல்லிமலைக்கு ரோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் கணக்கு. பந்தைச் சந்திக்கிற அவகாசம் பாதியாகிவிடும். காற்று அடித்தால் இன்னும் மோசம். ஆடி மாசம் எங்கள் பக்கத்துக் காற்றில் உயரமாகப் போட்ட பந்து எந்த ஊரில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

கூடவே ஒரு சட்ட நுணுக்கம் சொன்னார். ஆபீசருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. கிளப்பில் பலருக்கும் தெரியாது. மேலே போட்ட பந்து சரியில்லை என்றால் அடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கையில் பிடித்துக்கொண்டு மறுபடி போடலாம். ஃபால்ட் கிடையாது. ராக்கெட்டை வீசித் தவறவிட்டால்தான் ஃபால்ட். நம் ஆட்களோ, கெளரவப் பிரச்னை மாதிரி, எங்கே போன பந்தையும் துரத்திக்கொண்டு போய் அடிக்கிறார்கள். வேண்டாத சம்பந்தத்தை ஜாதகம் பார்த்த தோஷத்துக்காக முடிக்கிற மாதிரி!

இவ்வளவும் ஆன பிறகுதான் இரண்டாவது பந்து. இதில்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டாவது பந்து என்றால் பயத்தில் கை வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கை வேகம் குறைந்தால் சுழல் போய்விடும். சுழல் போனால் பந்தை இறக்கிக் கொடுக்க ஆள் இல்லை. மெதுவாகத் தட்டிய பந்தே வலையிலும் விழும், நீளமாகவும் போகும். செய்ய வேண்டியது வேறு. கை முதல் பந்துக்கு வீசிய அதே வேகத்தில் வர வேண்டும். ஆனால் பந்தை மோதக் கூடாது, சீவ வேண்டும்.

"மாம்பழத்துக்குத் தோல் சீவுங்க ஸார். கொட்டையை வெட்டாதீங்க" என்றார் மார்க்கர். பந்தின் முதுகை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர் ஏழு மணியிலிருந்து ஒரு மணியை நோக்கி மேலே சீவ வேண்டும். பந்தையும் முன்னால் தள்ளிப் போடாமல், ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே, சற்று இடப்பக்கமாகப் போட வேண்டும். பந்து வலைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் தாராளமாகப் போகும். வெளியே போய்விடும் என்று நாம் நினைக்கும்போது முன்சுழல் அதைக் கீழே அழுத்திப் பெட்டிக்குள் இறக்கிவிடும். விழுந்த பிறகு எழும்பும் பாருங்கள், எதிராளியின் தோள் உயரத்துக்கு! டாக்டர்களும் ஆடிட்டர்களும் அந்த உயரத்தில் பேக்ஹாண்ட் அடிப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

இதில் மனசு என்ற சமாசாரம் தனி. பெரிய ஆட்டக்காரர்களையே அது விட்டதில்லை. 1993 விம்பிள்டன் பெண்கள் ஃபைனலில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1, கேம் பாயிண்ட் கையில் இருக்க, யானா நோவோட்னா ஒரு டபுள் ஃபால்ட் போட்டார். அதோடு ஆட்டமே கைமாறிவிட்டது. சபலென்கா கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. 2022-ல் முதல் பத்து ராங்க்கில் இருந்துகொண்டே அந்த அம்மாளுக்கு ஸர்வீஸ் மறந்துபோய்விட்டது. அந்த வருஷம் மட்டும் டபுள் ஃபால்ட் நானூறுக்கு மேல். வருஷ ஆரம்பத்தில் அடிலெய்டில் ஒரே மேட்சில் 21. கோர்ட்டிலேயே அழுதார், கீழ்க்கையாலும் போட்டுப் பார்த்தார். மனசைத் தேற்றிக்கொள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பலித்தது வேறு. உடலசைவுகளைப் படித்த ஒருவரை வைத்துக்கொண்டு ஸர்வீஸைக் கழற்றி மாட்டினார். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓப்பன் பட்டம். கோடிகளில் சம்பாதிக்கிறவரே போல்ட்டைக் கழற்றிப் பட்டறையில் நிறுத்தத் தயாராக இருக்கும்போது, மாசச் சம்பளக்காரர்கள் நாம் தயங்கலாமா?

கீழ்க்கை என்றதும் ஞாபகம் வருகிறது. அது சட்டப்படி செல்லும். 1989 ஃபிரெஞ்ச் ஓப்பனில் பதினேழு வயசு மைக்கேல் சாங், தசைப்பிடிப்பில் நிற்கக்கூட முடியாமல், உலக நம்பர் ஒன் லெண்டிலுக்குக் கீழ்க்கையால் ஒரு ஸர்வீஸ் போட்டுப் பாயிண்ட் எடுத்தார். மேட்சை ஜெயித்து, கடைசியில் பட்டத்தையும் வாங்கினார். தோள் கெட்டுப்போன எழுபது வயசுப் பெரியவர்கள் கீழ்க்கையால் போட்டால் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

தோளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு, மறுநாள் காலை வந்ததும் வராததுமாக ஓங்கி ஸர்வீஸ் போடுவது ராத்திரி முழுக்க நின்ற டீசல் வண்டியை எடுத்ததுமே மூன்றாவது கியரில் கிளப்புகிற மாதிரி. ஆபீசரை டாக்டரிடம் காட்டச் சொன்னோம். கிளப்பிலேயே டாக்டர் இருப்பதில் ஒரு செளகரியம், ஃபீஸ் ஒரு டீதான். கிழிசல் எதுவும் இல்லை, தோளைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் சோர்ந்துபோயிருக்கின்றன என்று ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சி எழுதிக்கொடுத்தார். மார்க்கரும் ஒரு நாளைக்கு ஐம்பது பந்துக்கு மேல் போடவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருநூறு பந்து போடுவதைவிட வாரத்தில் மூன்று நாள் ஐம்பது ஐம்பதாகப் போடுவது எவ்வளவோ மேல். வலித்தால் அன்றைக்கு அத்தோடு சரி.

என் பங்குக்கு நான் செல்ஃபோனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்துக் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தில் மார்க்கர் காலத்து ஆட்களைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆபீசர் பார்த்துவிட்டு, "நான் அடிக்கும்போது கண்ணை மூடிக்கிறேனா?" என்று ஆச்சரியப்பட்டார். தலை அடிப்பதற்கு முன்பே கீழே சாய்ந்துவிடுவதும், முன்கால் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பதும் அதில் தெரிந்தது. கோட்டை மிதித்தால் ஃபுட் ஃபால்ட். கிளப் ஆட்டத்தில் யாரும் கேட்பதில்லை என்பதால் நாட்டில் பாதிப் பேர் கோட்டுக்கு உள்ளே நின்றுதான் ஸர்வீஸ் போடுகிறார்கள். "குதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் ஸார், ரெண்டு காலும் ஒரே இடத்துல இருக்கட்டும்" என்று மார்க்கர் அதையும் முடித்துவைத்தார்.

ஒரு மாசம் என்றது மூன்று மாசம் ஆயிற்று. மாம்பழ சீசன் போய் மழை வந்தது. கோர்ட் காயாத நாட்களில் ஆபீசர் பார்க்கிங் ஷெட்டில் நின்று பந்தை மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். வீட்டு மொட்டைமாடியிலும் நடக்கிறதாம். "என்னங்க, ராத்திரி பத்து மணிக்கு பந்தை மேலே போட்டுப் பிடிக்கிறீங்களே, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று வீட்டில் அம்மணி கேட்டதாகச் சொன்னார். சந்தாவை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டார் என்பதை கிளப் நோட்டில் பார்த்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எங்கள் கிளப்பின் உள் போட்டி. சீட்டுக் குலுக்கல் என்பதால் யாரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஆபீசருக்கு ஜோடியாக விழுந்தது கோழிப்பண்ணைக்காரர். எதிரே டாக்டரும் ரிக் ஓனரும். கடைசிக் கேமில் ஆபீசர் ஸர்வீஸ், 30-40. முதல் பந்து வலையில். பண்ணைக்காரர் வலையோரம் நின்றபடி திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் காதுகூடச் சிவந்திருந்தது. ஆபீசர் பந்தை மேலே போட்டார், பிடித்துக்கொண்டார். மறுபடி போட்டார், சீவினார். பந்து வலைக்கு மேலே உயரமாகப் போய், வெளியே என்று டாக்டர் விரலைத் தூக்குவதற்குள் உள்ளே இறங்கி, அவர் தோளுக்கு எழும்பியது. டாக்டர் ராக்கெட்டைக் குடை மாதிரி பிடித்து எதையோ செய்தார். பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

அந்த கேமை எடுத்தார்கள். மேட்சை எடுக்கவில்லை, டை பிரேக்கில் ரிக் ஓனர் பார்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு காலை ஜோடி பிரிக்கும்போது, "பேங்க்கார் என் பக்கமுங்க" என்று பண்ணைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஷூ லேஸைக் கட்டி முடிக்காத ஆபீசர் ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றார்.

மார்க்கர் ரோலரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். "ஸார், இப்ப முதல் பந்தைப் பார்க்கலாமா?"

"அவசரமில்லே அண்ணா" என்றார் ஆபீசர்.